ஒரு வாய் கோதுமை அல்வா

மகளே,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அத்தா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நேற்றிலிருந்து நேரில் சொல்லத்தான் பார்க்கிறேன். நீ எதிரே வந்து நின்றதும் பத்திரிகை எத்தனை மிச்சம், டெய்லர் என்ன சொன்னான் என்று என் வாய் வேறு எங்கோ போய்விடுகிறது. இப்போது நீயும் உன் அம்மாவும் அந்த டெய்லர் கடைக்குத்தான் போயிருக்கிறீர்கள். நான் கடையில் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தும்மிக்கொண்டே இதை எழுதுகிறேன். மத்தியான வெயிலில் இங்கே ஆள் வருவதில்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அது நடக்குமா என்பது நாளைக் காலையில் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

எனக்கு அலுத்துவிட்டது, அம்மா. அறுபத்தொரு வயதும் முழங்கால் வலியும் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த அலுப்பு மூன்று வருஷமாக ஒரே கேள்வியை ஊர் ஊராகக் கேட்டு வந்த அலுப்பு. நான் கடைச் சாப்பாட்டில் வளர்ந்த ஆள் என்பது உனக்குத் தெரியும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் வத்தலும் மல்லியும் வாங்கித் திரிந்தவனுக்கு வீட்டுச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். எந்தக் கடையில் சால்னா நன்றாக இருக்கும், எந்த மாஸ்டர் லீவு போட்டால் அந்தக் கடைப்பக்கமே போகக்கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன்னை வண்டியில் முன்னால் உட்கார வைத்து அழைத்துப் போவேன். சால்னா தொடமாட்டாய். கறியும் முட்டையும் உனக்கு ஆறு வயதிலிருந்தே இறங்காது. காரணம் கேட்டால் "புடிக்கல" என்பதோடு சரி. "பாய் வீட்டுப் புள்ள கறி திங்காதா?" என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். நீ பாட்டுக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சீனியைத் தொட்டுத் தின்பாய். உன்னை நோயில் தள்ளியதே அந்தப் பரோட்டாதான் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மதுரை டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? உன் ரத்தம் ஏறாததற்கும் முடி கொட்டியதற்கும் வயிற்றுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற சத்தை உன் குடல் ஏற்காது, ஆயுசுக்கும் தொடக்கூடாது, மாத்திரை கிடையாது, சாப்பாடுதான் மருந்து என்றார். பாலும் உனக்குச் செரிக்கவில்லை, அதையும் விட்டுவிடு என்றார். "கறி இல்ல, முட்டை இல்ல, பால் இல்ல, கோதுமை இல்ல. மிச்சம் என்னங்க இருக்கு?" என்று நான் கேட்டேன். "உங்க ஊர்ல வெளையிறது பூராவும் இருக்கு பாய்" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, கடலை எல்லாம் நம் கரிசலில் விளைகிறது. ஆனால் நம் ஊரில் விளைவது வேறு, கடையில் விற்பது வேறு. கம்பு விளைகிற காட்டுக்காரனே சாயங்காலம் டவுனுக்கு வந்து பரோட்டாதான் தின்கிறான்.

திருச்சுழி பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை கிடைத்த பிறகு வெளியில் சாப்பிடாமல் முடியாது என்று ஆனது. ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைக்கு உன் அம்மா எத்தனை நாள் டப்பா கட்டுவாள்? உன் கூட வேலை பார்க்கும் டீச்சர் "அப்ப நீ வீகனா?" என்று கேட்டாளாமே. நீ வந்து சொன்னபோது அது ஏதோ படிப்பு என்று நினைத்தேன்; கறி, முட்டை, பால் எதையும் தொடாதவர்களுக்கு அப்படிப் பெயராம். உனக்காக ஒரு கடை பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று நான் கிளம்பினேன். முப்பது வருஷப் பழக்கம், எனக்காக ஒரு மாஸ்டர் செய்யமாட்டானா என்ற தெம்பு. உன்னையும் கூட்டிக்கொண்டு போன முதல் கடையிலேயே தெம்பு இறங்கிவிட்டது.

"மைதா, கோதுமை கலக்காம என்னப்பா இருக்கு?"

"சப்பாத்தி இருக்கு பாய்."

"சப்பாத்தி கோதுமைல்ல?"

"அப்பப் பூரி போடச் சொல்லவா?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அடுத்த கடையில் நெய் இல்லாமல் தோசை கேட்டோம். "கல்லு ஒண்ணுதான் பாய், பரோட்டா போட்ட கல்லுதான், தொடச்சுட்டு ஊத்துறேன்" என்றார். பந்தல்குடியில் லாரிகள் நிற்கிற கடையில் மாஸ்டர் நேராகவே சொன்னார், "டிரைவருக வரிசையா நிக்காக பாய். ஒரு ஆளுக்காகக் கல்ல மாத்துனா என் பொழப்பு ஓடுமா?" அவர் சொன்னதிலும் தப்பில்லை. குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, வந்தால் புதுப்புது ஹோட்டல் வரும் என்று உன் அம்மாவிடம் ஆறுதல் சொன்னேன். வந்தாலும் மைதா மூட்டையோடுதான் வரும் என்று அவள் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு கடையிலும் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தோம்.

பாளையம்பட்டியில் இடியாப்பம் அவிக்கிற செல்வியிடம் போன நாளை மட்டும் நான் மறக்கமாட்டேன். நான் வழக்கம்போல இழுத்து இழுத்து, புள்ளைக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். நீ குறுக்கே வந்து, "கோதுமை மாவு தூசி பட்டாக்கூடக் குடல் புண்ணாயிரும்க்கா. பாலும் சேராது" என்றாய். அந்தப் பெண் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதச் சொல்றதுக்கா ஒங்க அத்தா இந்த முழி முழிக்காரு? இதுல பச்சரிசி மாவும் உப்பும்தான். பால்னா தேங்காப்பாலு. ஒனக்குன்னு ஒரு தட்டு தனியா எடுத்து வைக்கேன், அதத் தொட மாட்டேன், போ" என்றாள். இன்றுவரை சொன்ன சொல் மாறவில்லை. அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வரிசையில் நமக்குத் தெரிந்த ஆள் யாராவது நின்று கேட்டுவிட்டார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் நோயை விட, ஊர் கேட்டுவிடுமே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கோதுமையை விட்டு ஆறு மாதம் ஆகியும் உனக்கு வயிறு அடங்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் குறைய வேண்டியது குறையவில்லை. நான் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் யாரோடோ சேர்ந்து கள்ளத்தனமாகப் பரோட்டா தின்கிறாய் என்றேன். "அல்லா மேல சத்தியமா இல்லத்தா. இட்லி சாம்பார் மட்டும்தான் திங்கேன்" என்றாய். "ரத்தம் பொய் சொல்லுமா?" என்று கத்தினேன். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த வாரம் பக்கத்து மளிகைக் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து பெருங்காயப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார். பெட்டியை எடுத்தவன் அதைக் கொடுக்காமல் அங்கேயே நின்றுவிட்டேன். பதினேழு வயதில் விருதுநகரில் மொத்தக் கடையில் நான் வேலை பார்த்தபோது, பெருங்காயப் பிசினை மைதாவோடு பிசைந்து கட்டியாக்குவதைத் தினமும் பார்த்தவன். அந்த மைதா மூட்டையைத் தோளில் சுமந்ததே நான்தான். ஊரில் அத்தனை கடைச் சாம்பாரிலும் ரசத்திலும் அதுதான் விழுகிறது, நம் வீட்டு அடுப்படியிலும் அதுதான் இருக்கிறது. பலசரக்கிலேயே பிழைக்கிறவனுக்கு இது ஆறு மாதமாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து டப்பாவை வெளியே எறிந்தேன். உன்னிடம் "இனிமே பெருங்காயம் சேக்காத" என்று மட்டும் சொன்னேன். உன்னைத் திருடி மாதிரி நிற்க வைத்ததற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்தப் புத்தி அதோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்கு முதலில் வந்த சம்பந்தம் எதனால் நின்றது என்று உனக்கு நான் சொன்ன காரணம் பொய். அவர்கள் நகை அதிகம் கேட்கவில்லை. நான்தான் உன் சாப்பாட்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, பெண்ணுக்குக் குடலில் சீக்காம், பிள்ளை தங்குமா என்று யாரையோ விட்டுக் கேட்டார்கள். நம் மாமன்காரர் ஒருவரே "இதையெல்லாம் மொதல்லயே ஏன் சொல்றீக? கல்யாணம் முடியட்டும், புள்ள பக்குவமாச் சொல்லிக்கிரும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பந்தல்குடி மாப்பிள்ளை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. உன்னையும் திறக்கக்கூடாது என்றேன். மாப்பிள்ளை ஷார்ஜாவிலிருந்து போனில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த எனக்கு நீ சொன்ன பதில் காதில் விழுந்தது. "பரோட்டா" என்றாய். மூன்று வருஷமாகப் பரோட்டாவைக் கண்ணால் மட்டும் பார்த்த பிள்ளை. எனக்காகத்தான் சொல்கிறாய் என்று தெரிந்தும் நான் உள்ளே வந்து ஒன்றும் கேட்காதவன் போலக் கை கழுவப் போய்விட்டேன்.

ஜவுளி எடுத்த அன்று நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை பஜாரில் துணி எடுத்து முடித்து, இரண்டு வீட்டாருமாகப் பத்துப் பேர் ஹோட்டல் மாடிக்குப் போனோம். எல்லோருக்கும் டிபன் வந்தது. நீ பசிக்கவில்லை என்று தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தாய். உன் மாமியாராக வரப்போகிறவர் அல்வா வரவழைத்தார். நல்ல நாளில் மருமகளுக்கு முதல் இனிப்பைத் தன் கையால் ஊட்டுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். நெய் வழிகிற கோதுமை அல்வா. "கல்யாணப் பொண்ணு பசிக்கலன்னு சொல்லக்கூடாதுத்தா. எங்கையால ஒரு வாய், இந்தா" என்று உன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்துவிட்டார். நீ வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாய். கெஞ்சவில்லை. என்ன செய்யட்டும் என்று கண்ணால் கேட்டாய், அவ்வளவுதான். அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். நீ தின்றாய். அதைப் பார்த்து மாப்பிள்ளையின் பெரியம்மா ஒரு வாய் ஊட்டினார், சின்னம்மா ஒரு வாய் ஊட்டினார். நீ ஒவ்வொன்றுக்கும் சிரித்தாய்.

பதினோரு நாள் நீ படுத்திருந்தாய். கஞ்சித் தண்ணீரும் தங்கவில்லை. அதில் ஒரு நாள்கூட நீ என்னிடம் "ஏன்த்தா தலையாட்டினீங்க" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். நீ கேட்காமல் இருந்தது என்னைத் தின்றுவிட்டது. பந்தல்குடியிலிருந்து விசாரித்தபோது சளிக்காய்ச்சல் என்றேன்.

மூன்று நாளைக்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "அண்ணே, அன்னிக்குப் புள்ள அல்வாவ எம்புட்டு ஆசையாத் தின்னுச்சு! கடை அல்வா வேணாம். நம்ம வீட்டுக்கு வார அன்னிக்கு நானே கிண்டப் போறேன். சம்பாக் கோதுமை வாங்கிட்டேன்" என்றார். சரி தங்கச்சி என்று போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நீ போய் இறங்குகிற முதல் நாளே அந்த வீட்டில் உனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை லீவு முடிந்து ஷார்ஜாவுக்குப் போய்விடுவார். விசா வரும்வரை நீ அந்த அடுப்படியில்தான் சாப்பிட வேண்டும். அங்கே உன் பக்கம் திரும்பித் தலையாட்ட நான்கூட இருக்கமாட்டேன், வேறு யாராவது ஆட்டுவார்கள்.

நேற்றுக் காலை பஸ் ஏறிப் பந்தல்குடிக்குப் போனேன். கல்யாண வேலையாக விருதுநகருக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னது அதற்குத்தான். அந்த அம்மா மாடியில் கோதுமையைக் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கீழே வந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று பயம்.

"தங்கச்சி, அல்வா கிண்ட வேணாம்."

"ஏண்ணே, பொண்ணுக்குச் சீனி ஆகாதா?"

"கோதுமை ஆகாது. பாலு, நெய்யும் ஆகாது. மூணு வருசமா. இனி எப்பவும் ஆகாது."

"அன்னிக்குத் தின்னுச்சே?"

"என்னையப் பாத்துச்சு. நான் தலையாட்டுனேன். அதனால தின்னுச்சு."

அவர் முந்தானையில் கை ஈரத்தைத் துடைத்தார். பிறகு, "சளிக்காச்சல்னு சொன்னீகளே, அது இதுதானா?" என்றார். ஆமாம், பதினோரு நாள் என்றேன். அவர் தன் வலது கையைப் பார்த்தார். "எனக்குப் பொம்பளப் புள்ள இல்லண்ணே. இதுதான் என் மகள்னு நெனச்சு ஊட்டுனேன். அந்தக் கையாலயே வெசத்தக் குடுக்க வச்சிட்டீகளே" என்று அழுதுவிட்டார். நான் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இப்படி என்னை யாரும் அடித்ததில்லை. உனக்கு மட்டும்தான் துரோகம் செய்தேன் என்று நினைத்துப் போனேன். அந்த அம்மாவுக்கும் செய்திருக்கிறேன் என்று அங்கேதான் உறைத்தது.

சொன்னால் சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்தேன் தங்கச்சி என்றேன். அதற்கு அவர் மழுப்பவில்லை. "சொல்லிருந்தா வேணாம்னு சொல்லிருப்பனோ, சரின்னு சொல்லிருப்பனோ, எனக்கே தெரியாது. அத நான்ல சொல்லணும்? எனக்குப் பதிலா நீங்களே சொல்லிக்கிட்டீக" என்றார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்கலாமா என்று நான் தயங்கி நிற்கும்போதே, "நாளைக்கழிச்சு காலைல பத்து மணிக்கு வாரேன். பொண்ணுகிட்ட நான் பேசணும். அவ வாயால கேக்கணும். நீங்க அங்கன இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். டீ குடிக்கச் சொல்லவில்லை. நம் பக்கம் ஒரு சம்பந்தியை டீ குடிக்காமல் அனுப்புவதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் பேச்சை முறிக்க வரலாம். உனக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுக்கொண்டு போகவும் வரலாம். எது நடந்தாலும் உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி கிடையாது. நான் ஊர் ஊராக வாங்கியது கொஞ்சம் இருக்கிறது, அதைத் தருகிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் இலை போடுவதற்கு முன்னால் சொல்லிவிடு. பரிமாறுகிறவரிடம் கேட்காதே, அடுப்புப் பக்கம் போய் அங்கே நிற்கிறவரிடம் கேள். பெருங்காயம் எது என்று டப்பாவை வாங்கிப் படி. விருந்துக்குப் போனால் உன் டப்பாவைப் பையில் ஒளிக்காமல் மேஜை மேல் வை. வயிறு சரியில்லை என்று என்னை மாதிரி இழுக்காதே. செல்வியிடம் சொன்னாயே, அந்த ஒரே மூச்சில் சொல். மாப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடு. நாளைக்கு அவர் அம்மா சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கல்யாணம் நின்றால் ஊர் பேசும். பாய் மகளுக்குச் சீக்கு, மறைத்துக் கட்டிக் கொடுக்கப் பார்த்தார் என்று பேசும். அதில் பாதி பொய் கிடையாது. பேசிவிட்டுப் போகட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மாவிடம் நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், பிறகு இதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்று திட்டினாள். நாளைக்குப் பத்து மணிக்கு நான் வீட்டில் இருக்கமாட்டேன், கடையில் இருப்பேன்.

அவர் கேட்பார். உனக்குத் தெரியாமல் நடந்ததா, உங்க அத்தா உன்னைச் சொல்லக் கூடாதென்று தடுத்தாரா, உடம்புக்கு ஆகாதென்று தெரிந்தும் ஏன் தின்றாய் என்று கேட்பார். நீ இரக்கப்பட்டு, எனக்கு விட்டுக்கொடுத்து, தப்பைப் பாதி உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். உன் குணம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நடந்தபடி சொல். என்னைக் காப்பாற்ற மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லாதே.

உன் அத்தா